கை எட்டவில்லை என்றால் டபுள் பேஸின் பிரிட்ஜை நகர்த்தலாமா?

பெரம்பூரிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, சர்ச் எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய பெரியப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். இளம் வயதில் ரயில்வே இன்ஸ்டிடியூட் நடன இரவுகளிலும் கல்யாண வரவேற்புகளிலும் டபுள் பேஸ், அதாவது ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் போன்ற கருவி, வாசித்திருக்கிறார். இப்போது 76 வயது. முழங்கால் வலியால் நிற்க முடிவதில்லை. பதினைந்து வருடமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் போர்வை போர்த்தி நின்ற கருவியைப் போன வருடம் இவரிடம் கொடுத்து, “வாசி” என்றாராம். வாசகி ஏற்கெனவே தம்பியின் பேஸ் கிட்டாரில் கை பழகியவர். இந்த கிறிஸ்துமஸுக்குப் பாடகர் குழுவோடு டபுள் பேஸ் வாசிக்க வேண்டும் என்று ஏழு மாதமாகப் பயிற்சி செய்கிறார். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், சிறிய கை. “ஈ தந்தியில் எஃப் சுரத்தை அழுத்துவதற்குள் உயிர் போய்விடுகிறது” என்று எழுதியிருக்கிறார். கட்டைவிரலின் அடியில் வலி. இரண்டு மாதமாக ராத்திரியில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன.

அளவுகளும் அனுப்பியிருக்கிறார். தந்தியைத் தலைப்பக்கம் தாங்கும் நட்டிலிருந்து, உடம்பின் மேல் தாங்கும் பிரிட்ஜ் வரை தந்தி நீளம் 109 செ.மீ. விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டு முடியும் இடத்தில் மெல்லிய ஜி தந்தி பலகையிலிருந்து 11 மி.மீ. உயரத்திலும் தடித்த ஈ தந்தி 15 மி.மீ. உயரத்திலும் நிற்கின்றன. கூடவே மூன்று புகைப்படங்கள்.

யோசனை சொன்னவர்கள் மூன்று பேர். தெருக்கோடியில் இருக்கும் தச்சர், “பிரிட்ஜை ரெண்டு இன்ச் மேலே தள்ளிடலாம், தந்தியும் குட்டையாகும், பலகைக்குக் கிட்டவும் வந்துடும்” என்றிருக்கிறார். குழுவின் கிட்டார்காரர், “பேஸ் கிட்டார் மாதிரி 34 அங்குலத்துக்குக் கொண்டுவந்துவிடு” என்கிறார். அத்தை மகனோ, “இதை விற்றுவிட்டு அரை அளவு பேஸ் வாங்கு” என்கிறார். இதில் எதைச் செய்யலாம் என்பது வாசகியின் கேள்வி. கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: “இது என் கையின் குறைதானோ?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். உங்கள் கையில் குறை எதுவும் இல்லை. நீங்கள் சொல்லும் அளவுகளோடு ஒரு டபுள் பேஸை ஆறடி ஆள் தூக்கிக்கொண்டு வந்தாலும், “இது இன்னும் வாசிக்கத் தயாராகவில்லை” என்றுதான் சொல்வேன். 11, 15 மி.மீ. என்பது குடல் நரம்புத் தந்தி போட்ட கருவிக்குப் பொருந்தும் உயரம். அந்தத் தந்தி தளர்வாக, அகலமாக அதிரும். அதற்கு அந்த இடைவெளி வேண்டும். புகைப்படத்தில் உங்கள் கருவியில் இருப்பது ஸ்டீல் தந்தி. ஸ்டீல் தந்திக்கு ஜி பக்கம் 6, ஈ பக்கம் 9 மி.மீ. இருந்தால் விரலாலும் வாசிக்கலாம், வில்லாலும் வாசிக்கலாம். ஏழு மாதமாக நீங்கள் தேவைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆழத்துக்குத் தந்தியை அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியும் விடாமல் வாசித்திருக்கிறீர்களே, அதை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது.

உங்கள் கடிதம் முழுக்க நீளத்தைப் பற்றியே பேசுகிறது. எனக்குத் தெரிந்தவரை உங்களை வருத்துவது முதலில் தந்தியின் உயரம், அப்புறம் விரல் வைக்கும் முறை, அதற்கப்புறம்தான் நீளம். நீளத்திலும் குறைக்க வழி இருக்கிறது. ஆனால் அது பிரிட்ஜில் இல்லை, எதிர் முனையில் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கை

நான் கருவிக்கு வைத்தியம் பார்ப்பவன், கைக்கு இல்லை. கட்டைவிரல் அடியில் வரும் வலி, அழுத்திப் பிடிப்பதால் வந்ததாக இருக்கலாம். ஆனால் சுண்டுவிரலும் மோதிர விரலும் ராத்திரியில் மரத்துப்போவதை அப்படி விட்டுவிடக் கூடாது. அந்த இரண்டு விரலுக்கும் உணர்வு கொண்டுபோகும் நரம்பு முழங்கையின் உட்புறம் வழியாக ஓடுகிறது. அது எங்கே நெருக்கப்படுகிறது என்று மருத்துவர் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தூரமும் இல்லை. பழைய ஜெயில் சாலையில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. வெளியூர்க்காரர்கள் ரயிலேறி வரும் இடம் அது. இந்த வாரமே போய்க் காட்டுங்கள். “டபுள் பேஸ் வாசிக்கிறேன், இடது கையை இப்படி மடக்கி வைக்கிறேன்” என்று செய்து காட்டுங்கள். அவர்கள் சொல்லும் வரை பயிற்சியை நிறுத்திவையுங்கள். கிறிஸ்துமஸ் அடுத்த வருடமும் வரும்.

விரிக்கும் தூரம்

இப்போது ஒரு அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ தந்தியில் முதல் விரலை எஃப் மேலும் சுண்டுவிரலை ஜி மேலும் வைத்தால் இடையில் உள்ள தூரம், தந்தி நீளத்தில் ஏறக்குறைய 10.3 சதவீதம். எந்தக் கருவியானாலும் இந்தக் கணக்கு மாறாது. உங்கள் 109 செ.மீ. தந்தியில் அது 11.2 செ.மீ. தச்சர் சொன்னபடி இரண்டு அங்குலம், அதாவது 5 செ.மீ. குறைத்தால் 10.7 செ.மீ. ஆகும். கருவியின் உயிரையே பணயம் வைத்து நீங்கள் சம்பாதிப்பது 5 மி.மீ., உங்கள் சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலம்.

இதைவிடப் பெரிய விஷயம் உங்கள் இரண்டாவது புகைப்படத்தில் இருக்கிறது. நான்கு விரலையும் நான்கு சுரத்துக்கு விரித்து வைத்திருக்கிறீர்கள், பேஸ் கிட்டாரில் ஒரு கட்டத்துக்கு ஒரு விரல் என்று வைப்பதைப் போல. 34 அங்குல, அதாவது 86.4 செ.மீ. கிட்டாரில் எஃப் முதல் ஜி ஷார்ப் வரை விரிக்க 13 செ.மீ. போதும். உங்கள் டபுள் பேஸில் அதே விரிப்புக்கு 16.4 செ.மீ. வேண்டும். கீழ் ஸ்தானத்தில் அப்படி விரித்துக்கொண்டே வாசிக்க எந்தக் கையாலும் நெடுநேரம் முடியாது. வியன்னாவில் கற்பித்த ஃபிரான்ஸ் சிமாண்டல் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய பாடமுறையில் கழுத்தின் கீழ்ப்பகுதிக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று மூன்றே விரல்தான். மூன்றாவது விரல் நான்காவதுக்குத் துணையாக உட்காரும், தனியாக வேலை செய்யாது. ஒரு பிடியில் மூன்று சுரம், அடுத்த சுரத்துக்குக் கை முழுவதும் நகரும். விரலை விரிப்பதற்குப் பதில் கையை நகர்த்துவது என்பதுதான் இந்தக் கருவியின் பழக்கம். பெரியப்பாவிடம் கேளுங்கள். விரல் எண் தெரியாவிட்டாலும் அவருடைய கை அதைத்தான் செய்திருக்கும்.

பிரிட்ஜை மேலே தள்ளினால்

தச்சரைக் குறை சொல்லவில்லை. மரத்தை அறிந்தவர், மேசைக்கும் கதவுக்கும் அவர் சொல்வது சரியாக இருக்கும். டபுள் பேஸின் பிரிட்ஜ், வீணைக்காரர்கள் குதிரை என்பார்களே அது, எங்கும் ஒட்டப்படவில்லை. தந்தியின் அழுத்தத்தால் மட்டும் நிற்கிறது. அதனால் நகர்த்த முடியும் என்று தோன்றும். ஆனால் அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு துணைகள் உண்டு. ஈ தந்திப் பக்கத்துக் காலுக்குக் கீழே மேல்பலகையின் உட்புறம் நீளவாக்கில் ஒட்டிய கட்டை, அது பேஸ் பார். ஜி தந்திப் பக்கத்துக் காலுக்குச் சற்றே பின்னால், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் பசையில்லாமல் இறுக்கமாக நிற்கும் உருண்டைக் குச்சி, அது சவுண்ட் போஸ்ட். நான்கு தந்தியும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அதில் கணிசமான பங்கு அந்த இரண்டு கால் வழியாகப் பலகையில் இறங்குகிறது. பிரிட்ஜை நகர்த்திவிட்டுக் குச்சியை அங்கேயே விட்டால் ஜி பக்கத்துக் கால் வெறும் பலகையில் நிற்கும்.

சில வருடங்களுக்கு முன் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பையன் அப்படி ஒரு கருவியை ஷேர் ஆட்டோவில் குறுக்கே வைத்துக் கொண்டுவந்தான். பிரிட்ஜ் நாலு விரற்கடை மேலே ஏறியிருந்தது. வெளியில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. உள்ளங்கையை மேல்பலகையில் வைத்துத் தடவினேன். ஜி பக்கத்துக் காலைச் சுற்றி ஒரு சப்பாத்தி அளவுக்குப் பள்ளம். மேல்பலகையில் எஃப் எழுத்து வடிவில் வெட்டிய எஃப் ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் குச்சி பழைய இடத்தில் அப்படியே நிற்கிறது, அதன் தலையைச் சுற்றிப் பலகையில் வெள்ளையாக ஒரு கீறல் வளையம். எஃப் ஓட்டையின் கீழ் முனையிலிருந்து மயிரிழை விரிசல் ஒன்று ஓடியிருந்தது. தந்தியைத் தளர்த்திப் பலகையைத் திறந்து, விரிசலை ஒட்டி, உள்ளே சிறு மரத்துண்டுகள் வைத்து, புதுக் குச்சி செய்து... மூன்று மாத வேலை. பையனுக்கு அந்த வருடப் பள்ளி விழாவே போய்விட்டது.

இன்னொரு தவறான எண்ணமும் இதில் இருக்கிறது. பிரிட்ஜ் மேலே போனால் தந்தி பலகைக்குக் கிட்ட வரும் என்று தச்சர் சொன்னது தலைகீழ். ஃபிங்கர்போர்டு சாய்வாக அமைந்திருக்கிறது. அதே உயரப் பிரிட்ஜைக் கழுத்தை நோக்கித் தள்ளினால் தந்தி பலகையிலிருந்து இன்னும் விலகும். 11 மி.மீ. என்பது 12 ஆகும், 13 ஆகும். அப்புறம் பிரிட்ஜின் தலையைச் சீவ வேண்டிவரும்.

சரி, ஆனால் உங்கள் மூன்றாவது புகைப்படத்தைப் பார்த்துவிட்டு நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். எஃப் ஓட்டைகளின் நடுவில் உட்புறமாகச் சிறு வெட்டு ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை. இரண்டு ஓட்டையின் உள்வெட்டையும் ஒரு கோடாக இணைத்தால் அந்தக் கோட்டில் பிரிட்ஜின் கால் நடு விழ வேண்டும், அதுதான் அதன் வீடு. உங்கள் பிரிட்ஜ் அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 2 செ.மீ. கீழே, தந்திகளின் கீழ்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸ் பக்கம் இறங்கி நிற்கிறது. பதினைந்து வருடத்தில் யாரோ தந்தி மாற்றும்போது இறங்கியிருக்கலாம். அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் நீளம் 107 ஆகும். அந்த அளவுக்குப் பிரிட்ஜை நகர்த்துவது நியாயம். அதையும் குச்சி எங்கே நிற்கிறது என்று உள்ளே பார்த்த பிறகுதான் செய்ய வேண்டும். குச்சியும் பிரிட்ஜோடு சேர்த்து இறக்கப்பட்டிருந்தால் அதையும் கூடவே ஏற்ற வேண்டும். வீட்டில் சுத்தியலால் தட்டி நகர்த்தாதீர்கள், தயவுசெய்து.

34 அங்குலம் ஏன் ஆகாது

உங்கள் கிட்டார்கார நண்பரின் யோசனையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அதே தந்தியை அதே சுதியில் நீளம் குறைத்துக் கட்டினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தில் குறையும். 107 செ.மீ.யிலிருந்து 86 செ.மீ.க்கு வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழுவிசை போய்விடும். ஈ தந்தி கொடியில் காயும் துணி போல ஆடும். பேஸ் கிட்டாருக்குப் பிக்கப்பும் ஆம்ப்ளிஃபையரும் இருக்கின்றன, தந்தி எவ்வளவு மெலிதாக அதிர்ந்தாலும் ஓசையை அவை பெருக்கிக்கொள்ளும். உங்கள் கருவியில் ஓசை வர, தந்திதான் அந்தப் பெரிய பலகையை உலுக்க வேண்டும். விநாடிக்கு 41 அதிர்வு கொண்ட ஈ சுரத்தை மரத்தால் மட்டும் ஒரு சர்ச் முழுக்கக் கேட்க வைக்க இந்த உருவமும் இந்த நீளமும் வேண்டியிருக்கின்றன.

உயரத்தைக் குறைப்பது

உங்களுக்கு அதிகம் வலிப்பது எஃப் சுரத்தில், அதாவது நட்டை ஒட்டிய இடத்தில். இது ஒரு பெரிய தடயம். பிரிட்ஜ் மட்டும் உயரமாக இருந்தால் மேலே போகப்போகத்தான் கஷ்டம் கூடும். நட்டுக்குப் பக்கத்திலேயே கஷ்டம் என்றால் நட் உயரமாக இருக்கிறது. ஒரு சோதனை சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம். விசிட்டிங் கார்டு ஒன்றை நட்டை ஒட்டித் தந்திக்கும் பலகைக்கும் நடுவில் நுழையுங்கள். ஒரு கார்டு இடறாமல் நுழைந்தால் போதும், அதுதான் வேண்டிய உயரம். இரண்டு, மூன்று கார்டு ஒன்றாக நுழைந்தால் நட்டின் பள்ளங்களை அரத்தால் இறக்க வேண்டும். அரை நாள் வேலைகூட இல்லை. இது ஒன்றைச் செய்ததும் “வேறு கருவி மாதிரி இருக்கே” என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பிரிட்ஜின் உயரம். உங்கள் பிரிட்ஜின் கால்களில் திருகுச் சக்கரம் இல்லை. ஆகவே தலையைச் சீவித்தான் இறக்க வேண்டும். சீவியது சீவியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. என் யோசனை: கால்களை அறுத்துத் திருகுச் சக்கரம் வைத்துவிடுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, நம் ஊர். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கிறோம். வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரத்தைக் குடித்து மேல்பலகை உப்பும், தந்தி தானாக உயரும். அதே கருவியை ஏ.சி. அறையில் பத்து நாள் வைத்தால் பலகை வற்றி தந்தி இறங்கி, பலகையில் உரசிக் கரகரக்கும். நீங்கள் அளந்தது நவம்பர் மழையில். அந்த 11 மி.மீ.யில் மழையின் பங்கும் உண்டு. சக்கரம் இருந்தால் மழைக்கு ஒரு சுற்று, வெயிலுக்கு ஒரு சுற்று என்று நீங்களே திருப்பிக்கொள்ளலாம்.

தந்தியை இறக்கும் முன் ஃபிங்கர்போர்டின் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். நீளவாக்கில் மெலிதான ஒரு குழிவு இருக்க வேண்டும். பெரியப்பாவின் விரல் பட்டுப்பட்டுத் தேய்ந்த பள்ளங்கள் கட்டாயம் இருக்கும். அவற்றைச் சமப்படுத்தாமல் தந்தியை இறக்கினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கரகரப்பு வரும். தந்தியும் துருப்பிடித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காசிமேட்டுக் காற்றுக்குத் தப்பிய ஸ்டீல் கிடையாது. புதிது வாங்கும்போது மெலிந்த வகை, அதாவது இழுவிசை குறைந்தது என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பைரோகோர் போன்ற தந்திகளிலேயே மென்மையான வகை தனியாக வருகிறது.

இவையெல்லாம் செய்தபின், காசு செலவில்லாத ஒன்று. அடியில் இருக்கும் கம்பி ஊன்றுகோலின் உயரம். நீங்கள் நின்றால் நட் உங்கள் புருவத்துக்கும் நெற்றிக்கும் நடுவில் வரட்டும். பெரியப்பா உயரமானவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வைத்த உயரத்திலேயே நீங்கள் வாசித்தால் இடது கை எப்போதும் தோளுக்கு மேலே தொங்கும். அது தோளுக்கும் நல்லதில்லை, நான் முன்னே சொன்ன முழங்கை நரம்புக்கும் நல்லதில்லை.

நட்டை நகர்த்துவது

புதுத் தந்தியை மட்டும் தள்ளிவைத்துவிட்டு, மற்றதெல்லாம் செய்து இரண்டு மாதம் வாசித்துப் பாருங்கள். அப்போதும் கை எட்டவில்லை என்றால், நீளத்தைக் குறைக்கலாம். அதைச் செய்ய வேண்டிய இடம் நட். கருங்காலியில் புதிதாக ஒரு நட் செய்து, பழைய நட் இருந்த இடத்திலிருந்து ஒரு அரைச்சுரம் தள்ளி, ஃபிங்கர்போர்டின் மேலேயே உட்கார வைப்பது. எங்கள் தொழிலில் பொய் நட் என்போம். 107 செ.மீ. 101 ஆகும். எஃப், ஜி இடைவெளி 10.4 செ.மீ. இப்போது இருப்பதைவிட 8 மி.மீ. குறைவு. இழுவிசையும் ஏறக்குறைய 11 சதவீதம் குறைவதால் விரலுக்கு அடியில் தந்தி மெத்தென்று இருக்கும். பிரிட்ஜ் அதன் வீட்டிலேயே நிற்கிறது, குச்சி அசையவில்லை, மேல்பலகைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. முக்கியமாக, பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். பழைய நட்டைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு உங்களிடமே கொடுத்துவிடுவேன், நாளை மறுபடி வைக்க.

இதில் ஒரு நல்ல தற்செயலும் இருக்கிறது. கட்டைவிரலைக் கழுத்து உடம்போடு சேரும் வளைவில் வைத்தால் முதல் விரல் ஜி தந்தியில் ஈ ஃப்ளாட்டில் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பல டபுள் பேஸில் அந்த இடத்தில் டி விழும். வாசிப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் அடையாளக்கல் அது. நட்டை ஒரு அரைச்சுரம் நகர்த்தினால் உங்கள் கருவியிலும் அங்கே டி வந்துவிடும், ஓர் இழை கூடுதலாக இருக்கலாம். ஏற்கெனவே டி விழும் கருவிக்கு இதே வேலையைச் செய்தால் டி ஃப்ளாட் விழுந்து குழப்பும், அதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன். உங்களுக்குத் தாராளமாகச் செய்யலாம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஈ தந்தியின் அடர்த்தி கொஞ்சம் குறையும். அப்போது மெலிந்த வகைத் தந்தியை விட்டுவிட்டு நடுத்தர வகைக்கு மாறினால் சரியாகும். அதனால்தான் புதுத் தந்தி வாங்குவதற்கு முன்பே நட்டைப் பற்றி முடிவெடுத்துவிட்டால் ஒரு செட் காசு மிச்சம். தந்தி விலை உங்களுக்குத் தெரியும்.

கழுத்தையே அறுத்துக் குட்டையாக்கும் வேலையும் உலகத்தில் உண்டு. வயலினுக்குத் தந்தி நீளம் ஏறக்குறைய 32.5 செ.மீ. என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு இருக்கிறது. டபுள் பேஸுக்கு அப்படி ஒன்று அமையவே இல்லை, 100லிருந்து 110 செ.மீ. தாண்டியும் இருக்கின்றன. ஐரோப்பாவில் பழைய பெரிய பேஸ்களை வாசிப்பவர் வசதிக்காக உடம்பையே வெட்டிச் சிறிதாக்கியிருக்கிறார்கள். உங்களுக்கு அது தேவையில்லை.

விற்கலாமா, யாரிடம் கேட்க வேண்டும்

அத்தை மகன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அரை அளவு பேஸில் தந்தி நீளம் 97 செ.மீ. வாக்கில் இருக்கும், கை இன்னும் சுலபமாக எட்டும். ஆனால் மலிவான புது அரை அளவு கருவி வாங்கினால் அதற்கும் நட், பிரிட்ஜ், தந்தி எல்லாம் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். உங்களிடம் பல வருடம் வாசித்துப் பழகிய மரம் இருக்கிறது. இரண்டையும் வாசித்துப் பார்க்காமல் விற்காதீர்கள்.

அதைவிட முக்கியம், விற்கும் உரிமை யாருக்கு? “வாசி” என்று சொல்லிக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். “எடுத்துக்கொள்” என்றாரா என்று எழுதவில்லை. தந்தி மாற்றுவதற்கும் நட் இறக்குவதற்கும் யாரையும் கேட்க வேண்டாம். விற்பது, அறுப்பது, பிரிட்ஜின் காலை வெட்டுவது, இவற்றுக்கு முன் பெரியப்பாவிடம் நேராக உட்கார்ந்து பேசுங்கள். அவருடைய பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் தெரியட்டும். பழைய பிரிட்ஜை அப்படியே எடுத்துவைத்துவிட்டுப் புதுப் பிரிட்ஜில் சக்கரம் வைக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். அவருடைய கை பட்ட பிரிட்ஜ் அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

வேலைக்கு யாரிடம் கொடுத்தாலும், என்னிடமே கொடுத்தாலும், மூன்றைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை: என்ன வேலை, எவ்வளவு என்று தாளில் எழுதி ஒரு மதிப்பீடு, வேலைக்கு முன் எஃப் ஓட்டை, நட், பிரிட்ஜ் எல்லாவற்றையும் புகைப்படம் எடுக்க அனுமதி, கழற்றிய பழைய பாகங்கள் அத்தனையும் திரும்பக் கையில். முகம் சுளிக்கிறவரிடம் கருவியை விட்டுவிட்டு வராதீர்கள்.

கொண்டுபோகும்போது நான்கு தந்தியையும் ஒரேயடியாகத் தளர்த்திவிடாதீர்கள், அழுத்தம் போனால் உள்ளே குச்சி சாய்ந்துவிடும். ஒவ்வொன்றையும் ஒரு முழுச்சுரம் மட்டும் இறக்குங்கள். பிரிட்ஜின் பின்முகம் மேல்பலகைக்கு நேர்குத்தாக நிற்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தலை கழுத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் வழியில் ஒரு குலுக்கலில் சரிந்துவிடும், அப்படி இருந்தால் கருவியை அசைக்காமல் எனக்கு எழுதுங்கள், நானே வந்து நிமிர்த்துகிறேன். சரியாக நின்றால் சிறிய சரக்கு வண்டி ஒன்று பிடித்து, விலாப்பலகை கீழே இருக்கும்படி பக்கவாட்டில் ஒரு மெத்தையில் படுக்க வையுங்கள், பிரிட்ஜின் மேல் எதுவும் சாயாமல். பேசின் பிரிட்ஜ் பக்கம் மழைத்தண்ணீர் நிற்கும் நாளில் கிளம்ப வேண்டாம்.